விஷத்தின் பெயர் தெரியும் முன்பே கிடைத்த வடிகட்டி

இலையுதிர் காலத்தின் முதல் பெருமழை ஓய்ந்ததும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லாங்ஃபெலோ ஓடைக்குள் இறங்கி மீன் கணக்கெடுப்பவர்களிடம் ஒரு கத்தி இருக்கும். செத்து ஒதுங்கிய பெண் மீனின் வயிற்றைக் கீறிப் பார்க்கத்தான். கோஹோ சால்மன் முட்டையிட்டு முடித்ததும் எப்படியும் இறந்துவிடும். ஓடையில் பொரித்து, ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளர்ந்து, கடலுக்குப் போய், ஏறக்குறைய மூன்று வயதில் திரும்பி வந்து, முட்டையிட்டுச் சாகும். அதன் வாழ்க்கையே அப்படி. ஆகவே செத்த மீனைப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள். கீறிய வயிற்றில் முட்டை அப்படியே நிறைந்திருந்தால்தான் பதற்றம்.

லாங்ஃபெலோவில் 2002 முதல் 2009 வரை எடுத்த கணக்குப்படி, ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வந்த கோஹோக்களில் 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையிடும் முன்பே இறந்திருந்தன. நகரத்தின் கை படாத ஃபோர்ட்சன் ஓடையில் 2002ல் ஒப்பீட்டுக்காக எண்ணியபோது அது 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது.

சாலை மழைநீரைச் செயற்கை ஈரநிலம் (செடியும் மண்ணும் வைத்து நாமே அமைக்கும் வடிகட்டிப் படுகை) கட்டிச் சுத்தப்படுத்துவது பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த ஓடையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஈரநிலத் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும்: உள்ளே வந்த துத்தநாகம் இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு, குறைந்தது இத்தனை சதவீதம். நல்லதுதான். ஆனால் வெளியே போன தண்ணீரில் மீன் பிழைத்ததா என்று கேட்டால் அந்த அட்டவணையில் பதில் இருக்காது. சியாட்டிலில் மீனையே அளவுகோலாக வைத்தார்கள். அதனால் கதையின் வரிசையே தலைகீழானது: முதலில் வடிகட்டி கிடைத்தது, பிறகுதான் விஷம் இன்னதென்று தெரிந்தது.

சீர்செய்த ஓடையில் செத்த மீன்கள்

1990களில் பியூஜெட் சவுண்ட் கடற்கழியை ஒட்டிய சியாட்டில் பகுதி ஓடைகள் சிலவற்றைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. நல்ல எண்ணத்தில் செய்த வேலை. கரைக்கு மரம், ஓடைக்குள் கட்டைகள், மீன் ஏறி வருவதற்கு வழி. மீனும் வந்தது. வேலை பலித்ததா என்று பார்க்கப் போனவர்கள் கண்டது வேறு. மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் தாறுமாறாகச் சுற்றின. வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்புகள் விறைத்து விரிந்தன. நிலை தவறிப் புரண்டு, சில மணி நேரத்தில் செத்தன. பெண் மீன்களின் வயிற்றில் முட்டை 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஓடையைச் சீர்செய்ததால் மீன் சாகவில்லை. முன்பெல்லாம் வராத மீன் சீர்செய்த பிறகு வந்தது. வந்த இடத்தில் ஏற்கனவே இருந்த விஷத்தில் மாட்டிக்கொண்டது. வீட்டைக் கட்டி விருந்தாளியை அழைத்துவிட்டுக் குடிநீரைச் சோதிக்க மறந்தது போல.

சந்தேகப் பட்டியலில் வழக்கமானவை எல்லாம் இருந்தன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைவா, வெப்பமா, அம்மோனியாவா, நோய்க்கிருமியா, பூச்சிக்கொல்லியா? ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. ஆனால் மீன்களின் உடலில் உலோகங்களும் பெட்ரோலியச் சேர்மங்களும் பட்ட தடம் தெரிந்தது. இரண்டும் வாகனங்களிலிருந்து வருபவை. 2011ல் வெளியான கட்டுரையில் ஆய்வாளர்கள் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நகர மழைநீரில் இன்னும் அடையாளம் காணாத ஏதோ ஒன்று, அல்லது ஏதோ ஒரு கலவை.

சாலை என்னவெல்லாம் உதிர்க்கிறது

சாலை வடிநீர் என்றால் எண்ணெய்ப் படலம்தான் நினைவுக்கு வரும். வானவில் நிறத்தில் மின்னுவதால் அதற்குப் பேர் வந்துவிட்டது. உண்மையில் கண்ணுக்குத் தெரியாதவை அதிகம். டயர் ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள்; டயர் தேயத் தேய அது சாலையில் படிகிறது. சாலையோர இரும்புத் தடுப்புகளின் துத்தநாகப் பூச்சும் தன் பங்குக்குக் கரைகிறது. பிரேக் பேடிலிருந்து செம்புத் தூள். எரிபொருள் புகையிலிருந்தும் சொட்டும் எண்ணெயிலிருந்தும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். குளிர்நாடுகளில் பனி உருக்கக் கொட்டும் உப்பு. இவை எல்லாவற்றுக்கும் மேல், டயரும் தார்ச்சாலையும் உரசி உண்டாகும் நுண்துகள்.

இதில் செம்பின் கதை கொஞ்சம் ஆறுதலானது. கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே சால்மனின் மோப்பத்தைக் கெடுக்கும். மோப்பம் இல்லாத குஞ்சுக்கு எதிரி வருவது தெரியாது. இதைக் கண்ட பிறகு வாஷிங்டன் மாநிலம் 2010ல் பிரேக் பேடில் செம்பின் அளவைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. 2021ல் 5 சதவீதம், 2025ல் 0.5 சதவீதம் என்று படிப்படியாக வரம்பு இறங்கியது. குழாயின் முனையில் வடிகட்டுவதைவிட, பொருளிலேயே விஷத்தை எடுத்துவிடுவது பெரும்பாலும் மலிவு. ஆனால் அதற்கு விஷம் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். கோஹோ விஷயத்தில் அது தெரியாமல் இருந்தது.

மழை இதையெல்லாம் சீராகக் கொண்டுவருவதில்லை. பல நாள் வெயிலில் சேர்ந்த தூசி, அடுத்த மழையின் முதல் சில மில்லிமீட்டரிலேயே அடர்த்தியாக இறங்கிவிடும். அதனால்தான் இலையுதிர் காலத்தின் முதல் மழைகள் இவ்வளவு கொடூரமாக இருக்கின்றன. கடலிலிருந்து ஏறி வரும் மீனும் அதே மழைக்குத்தான் காத்திருக்கும். ஓடையில் நீர் பெருகினால்தானே ஏறி வர முடியும்!

ஒரு தொட்டி மண்

அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகத்தின் மீன் ஆய்வகம், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம், அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கைகோத்தார்கள். நாட் ஷோல்ஸ், ஜூலன் ஸ்ப்ராம்பெர்க், ஜெனிஃபர் மெக்கின்டயர் போன்றவர்கள் இதில் முக்கியமானவர்கள். சுகுவாமிஷ் பழங்குடியினர் நடத்தும் க்ரோவர்ஸ் க்ரீக் மீன் பண்ணையில் வளர்ந்த கோஹோக்களை வைத்துச் சோதனை நடந்தது.

முதலில் ஒரு செயற்கைக் கலவை செய்தார்கள். சாலை நீரில் தெரிந்த உலோகங்கள், ஹைட்ரோகார்பன்கள் எல்லாவற்றையும் கலந்து மீனை விட்டார்கள். மீனுக்கு அந்த நோய் வரவில்லை. அப்புறம் நெரிசலான நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைநீரையே பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஒன்பது வெவ்வேறு மழைகளில் பிடித்த நீர். ஒன்பதிலும் வளர்ந்த கோஹோ செத்தது. சந்தேகப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தாலும் கொலை நடக்கவில்லை. ஆனால் சாலை நீரில் நடந்தது. ஆக, கொலையாளி பட்டியலிலேயே இல்லை.

மூன்றாவது படிதான் நமக்கு முக்கியம். அதே நெடுஞ்சாலை நீரை ஒரு தொட்டி மண் வழியாக இறக்கினார்கள். 60 பங்கு மணல், 40 பங்கு மட்கு உரம், மேலே மரச்சிராய்ப் போர்வை. தோட்டக்காரர் யாரும் கலக்கக்கூடிய கலவை. மண்ணைக் கடந்து அடியில் சொட்டிய நீரில் கோஹோ பிழைத்தது. இந்த முடிவுகள் 2016ல் அச்சில் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு குஞ்சு மீன்களையும் அவை தின்னும் நீர்ப்பூச்சிகளையும் வைத்துச் செய்த சோதனையிலும் இதே கதைதான். சுத்தப்படுத்தாத நீரில் குஞ்சுகள் அனைத்தும் 12 மணி நேரத்துக்குள் செத்தன. மண்ணைக் கடந்த நீரில் பிழைத்தன.

விஷம் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். மண்ணுக்கும் தெரியாது. மட்கிய கரிமப்பொருள், தண்ணீரில் நிம்மதியாக இருக்க விரும்பாத எந்த மூலக்கூறையும் பிடித்துக்கொள்ளும். குறிப்பிட்ட வேதிப்பொருளுக்கென்று வடிவமைத்த வடிகட்டியிடம் இந்தத் தாராளம் இருக்காது.

இன்னொரு சிறு சோதனையையும் சொல்ல வேண்டும். 2014ல் வரிக்குதிரை மீனின் கருக்களை வைத்து மெக்கின்டயர் குழு செய்தது. மண் தொட்டிகளில் சிலவற்றில் கோரைச் செடி நட்டிருந்தார்கள், சிலவற்றில் வெறும் மண். நச்சு குறைவதில் செடி இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஈரநிலம் என்றதும் நாணலும் சம்பங்கோரையும் அசையும் படம்தான் எல்லா விளம்பரப் பலகையிலும் இருக்கும். ‘தாவரங்கள் மாசை உறிஞ்சுகின்றன’ என்று அடியில் எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே கொஞ்சம் எரிச்சல் வரும். உலோகங்களில் செடியின் உடலுக்குள் போய்ச் சேர்வது சிறு பங்குதான். பெரும்பங்கு வேருக்கு அடியிலுள்ள சேற்றில் கிடக்கும். அதற்காகச் செடி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேர்கள் மண் இறுகிப் போகாமல் வைத்திருக்கும், நுண்ணுயிர்களுக்கு இடம் தரும், தண்டுகள் நீரின் வேகத்தைக் குறைக்கும். பத்தாண்டு ஓட வேண்டிய படுகைக்கு இது தேவை. சில நாள் சோதனையில் அது தெரியாது, அவ்வளவுதான்.

டயருக்குள் இருந்தது

கொலையாளியைக் கண்டுபிடிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தில் எட்வர்ட் கோலோட்ஸே, ஷென்யூ டியன் ஆகியோரின் குழு, கோஹோவைக் கொல்ல டயர்த் துகளை ஊறவைத்த நீரே போதும் என்று கண்டது. அந்த நீரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள். அதைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மீனிடம் காட்டி, கொல்லும் பகுதியை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் நின்றது ஒரே ஒரு மூலக்கூறு. 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன்.

டயர் தயாரிப்புப் பட்டியல்களில் இப்படி எதுவும் இல்லை. ஆனால் 6பிபிடி என்று ஒன்று இருந்தது: 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். காற்றிலுள்ள ஓசோன் டயரை வெடிப்பு விடச் செய்யாமல் இருக்கப் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள் அது. ஓசோன் ரப்பரைத் தாக்கும் முன் 6பிபிடி குறுக்கே வந்து தானே அடி வாங்கிக்கொள்ளும். அடி வாங்கியதும் இரண்டு ஹைட்ரஜனை இழந்து இரண்டு ஆக்சிஜனை ஏற்று 6பிபிடி-குவினோன் ஆகிறது. தன் வேலையை ஒழுங்காகச் செய்ததன் மிச்சம்தான் விஷம். ஆய்வகத்தில் 6பிபிடி மேல் ஓசோனைச் செலுத்திப் பார்த்தார்கள். அதே பொருள் கிடைத்தது, அதே மாதிரி மீன் செத்தது. 2020 டிசம்பரில் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது.

பாதிக் கோஹோக்களைக் கொல்லும் அளவு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரோகிராம் என்று முதலில் சொன்னார்கள். தூய மாதிரி கிடைத்த பிறகு 2022ல் திரும்ப அளந்தபோது அது 95 நானோகிராமாக, அதாவது 0.095 மைக்ரோகிராமாக இறங்கியது. கணக்குப் போட்டால், ஒரு கிராம் பொருள் ஏறத்தாழ ஒரு கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகப் போதும். கோஹோவின் நெருங்கிய உறவான சம் சால்மன் அதே சாலை நீரில் ஒன்றும் ஆகாமல் நீந்தியதை 2018லேயே கண்டிருந்தார்கள். ஓர் இனத்துக்கு எமன், பக்கத்து இனத்துக்கு வெறும் தண்ணீர்! எந்த மீனை வைத்துச் சோதிக்கிறோம் என்பதிலேயே முடிவு மாறிவிடும்.

அப்படியானால் ஈரநிலம்?

மண் தொட்டியில் நடந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு ‘ஈரநிலம் கட்டினால் போதும்’ என்று சொல்லிவிட முடியாது. செயற்கை ஈரநிலம் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன.

1950களில் ஜெர்மனியின் ப்ளோன் நகரில் கேத்தே சைடல் கோரைகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தப்படுத்திப் பார்த்ததிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. இன்று பரவலாகக் காண்பவை மூன்று வகை. ஒன்றில் தண்ணீர் திறந்தவெளியில், செடிகளுக்கு நடுவே, சேற்றுக்கு மேலே மெல்ல நகரும். பார்க்கக் குளம் போல. இன்னொன்றில் சரளைக்கல் படுகைக்குள் கிடைமட்டமாக, மேலே தெரியாமல் ஓடும். மூன்றாவதில் மேலிருந்து ஊற்றி அடியில் குழாய் வழியாக வடியும். சியாட்டில் மண் தொட்டி இந்த மூன்றாவதன் நெருங்கிய உறவு. அதில் ஒவ்வொரு சொட்டும் மண்ணைத் தொட்டே தீர வேண்டும். திறந்த ஈரநிலத்தில் அப்படி இல்லை. சேற்றைத் தொடாமலே பெரும்பகுதி நீர் கடந்து போகலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் தார்ச்சாலை. 10 மில்லிமீட்டர் மழை. சாலையில் ஒட்டி நிற்கும் ஈரத்தை விட்டுவிட்டால் வருவது 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். அந்தச் சாலைக்கு அதன் பரப்பில் 2 சதவீத அளவில் ஈரநிலம் கட்டினோம் என்று வைப்போம்: 200 சதுர மீட்டர். சராசரி ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால் உள்ளே நிற்பது 60 கன மீட்டர். செடித் தண்டும் சேறும் அதிலும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, சாதாரண மழையிலேயே உள்ளே இருந்த நீர் முழுவதும் வெளியே தள்ளப்பட்டு, புதிய நீரிலும் ஒரு பங்கு அதே மழையின்போதே வெளியேறும். கனமான துகள் படிய இந்த நேரம் போதும். கரைந்திருக்கும் உலோகமும் நானோகிராம் விஷமும் பிடிபட இது போதாது.

1990களில் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தினர் லண்டனை ஒட்டிய டாகன்ஹாம், பிரெண்ட்வுட் ஈரநிலங்களில் உலோகங்களை அளந்தார்கள். பின்னர் 1998ல் திறந்த ஏ34 நியூபரி புறவழிச்சாலையோரப் படுகைகளையும் அளந்தார்கள். வறண்ட நாளில் ஒரு எண், மழை நாளில் வேறொரு எண். உலோகத்துக்கு உலோகமும் மாறியது. ‘ஈரநிலம் இத்தனை சதவீதம் நீக்கும்’ என்று ஒற்றை எண்ணைச் சொல்பவரிடம், எந்த மழையில் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே சாலை நீருக்கு ஈரநிலம் என்றால் அது தனியாக நிற்கக் கூடாது. முன்னால் எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று. அப்புறம் மணலும் கரடும் படியும் வண்டல் தொட்டி. இது ஆழமாக, வண்டி இறங்கி அள்ள வசதியாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் நாணல் படுகை. பெருவெள்ளம் வந்தால் படுகையைக் கிளறிவிடாமல் சுற்றிப் போக ஒரு மாற்று வழி. லாரி கவிழ்ந்து எண்ணெயோ அமிலமோ கொட்டினால் சட்டென்று அடைக்க ஒரு மடை. இந்தக் கடைசி இரண்டும் திட்ட வரைபடத்தில் சின்னக் கோடுகளாக இருக்கும்; செலவைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவதும் அவைதான்.

இடம் இருக்கும் ஊரில் திறந்த ஈரநிலத்துக்கு வேறு மதிப்பும் உண்டு. லண்டனின் எண்ஃபீல்டு பகுதியில் ஃபர்ஸ் ஃபார்ம் என்ற விளையாட்டுத் திடலில், நிலத்தடிக் குழாயில் ஓடிக்கொண்டிருந்த மூர் புரூக் என்ற ஓடையை மேலே கொண்டுவந்து ஈரநிலங்கள் வழியாக விட்டார்கள். மழைநீர் தேங்க இடம் கிடைத்தது, மக்கள் நடக்க இடம் கிடைத்தது, தண்ணீரும் ஓரளவு தெளிந்தது. ஆனால் கீழே கோஹோ போன்ற ஒரு மென்மையான உயிர் இருக்கிறது என்றால் நான் திறந்த நீரை மட்டும் நம்ப மாட்டேன். எங்காவது ஓரிடத்திலாவது தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித்தான் வெளியேற வேண்டும். 6பிபிடி-குவினோன் கரிமப்பொருளில் ஒட்டும் தன்மையுடையது என்பது இந்தக் கருத்துக்குப் பலம். வான்கூவரில் சாலையோர மண் படுகை ஒன்றை ஆராய்ந்தவர்கள், ஓடைக்குப் போய்ச் சேரும் 6பிபிடி-குவினோனின் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 2023ல் எழுதினார்கள்.

மண்ணும் உதிர்க்கும்

மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. 40 பங்கு மட்கு உரம் போட்ட புதுப் படுகை, முதல் மழைகளில் தன்னிடமுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பரஸையும் கொஞ்சம் செம்பையும் வெளியே விடுகிறது. செம்பைப் பிடிக்கக் கட்டியது செம்பை விடுகிறது! ஏரிக்குப் போகும் நீர் என்றால் பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். இதைச் சரிசெய்ய வாஷிங்டன் மாநிலச் சூழல் துறை வேறொரு கலவையைப் பரிந்துரைத்தது: 70 பங்கு மணல், 20 பங்கு தேங்காய் நார்த்தூள், 10 பங்கு உயிர்க்கரி. நார்த்தூள் ஈரம் பிடிக்கும், ஊட்டச்சத்தை அதிகம் விடாது. கரி அதன் நுண்துளைகளில் கரிம விஷங்களைப் பிடிக்கும். உரம் நல்லது என்ற பொதுவான நம்பிக்கை இங்கே ஒரு படி பின்வாங்க வேண்டியிருந்தது.

உப்பு வேறு வகைத் தொல்லை. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பை எந்த ஈரநிலமும் பிடிக்காது. குளோரைடு நேராகக் கடந்து போகும். போகிற போக்கில் சும்மாவும் போகாது. சோடியம் மண்ணில் ஒட்டியிருக்கும் உலோகங்களின் இடத்தைப் பிடுங்கும், குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைந்த வடிவில் இழுத்துச் செல்லும். கோடையில் சேமித்ததைக் குளிர்காலத்தில் செலவழிப்பது போல.

வறட்சியும் அப்படித்தான். காற்றுப் புகாத சேற்றில் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்ஃபைடாகக் கிடக்கும். குளம் முழுக்க வற்றி, சேறு வெடித்துக் காற்றுப் பட்டால் சல்ஃபைடு சிதையும். அடுத்த மழையில் உலோகம் கிளம்பும். ஆகவே படுகை ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்குமா என்பதை இடம் தேர்வு செய்யும் நாளிலேயே பார்க்க வேண்டும். பெயரே ஈரநிலம், ஆனாலும் இது பலமுறை விட்டுப்போகிறது.

வாத்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஷத்தைத் தேக்கி வைக்கவே கட்டிய இடத்தில் பறவையும் தவளையும் வந்து குடியேறும். திறப்பு விழாப் படத்தில் அது அழகு. அந்தச் சேற்றைக் கிளறித் தின்னும் உயிருக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. வண்டல் தொட்டியையாவது பறவைக்கு வசதியில்லாத மாதிரி, செங்குத்துக் கரையோடு கட்டி, அழகையெல்லாம் கடைசிப் படுகைக்கு ஒதுக்குவது என் விருப்பம். முதல் தொட்டியில்தான் கரடும் கனமும் வந்து சேரும்.

பராமரிப்பு என்ற சொல்லுக்கு இங்கே பொருள் சேறு அள்ளுவது. மண் படுகையில் உலோகமும் துகளும் பெரும்பாலும் மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். மேல் போர்வையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டால் அடியிலுள்ளது இன்னும் உழைக்கும். விட்டுவிட்டால் மேலே பசை போல ஒரு படலம் மூடி, தண்ணீர் இறங்காமல் சுற்றிக்கொண்டு போய்விடும். அப்போதும் நாணல் பச்சையாகவே இருக்கும். சாலையிலிருந்து பார்ப்பவருக்குப் படுகை வேலை செய்வது போலவே தெரியும். அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது? அதிலுள்ள உலோகத்தையும் எண்ணெயையும் சோதித்து, அளவு அதிகமானால் அபாயக் கழிவாகவே கையாள வேண்டும். கட்டும் செலவை ஏற்கும் துறை ஒன்றாகவும் சேற்றை அள்ளும் துறை வேறாகவும் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிழைத்த மீன், நலமான மீன்

2023ல் மெக்கின்டயரும் ஸ்ப்ராம்பெர்க்கும் சகாக்களும் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். கோஹோவின் முட்டைப் பருவத்திலிருந்தே, மழை வரும்போதெல்லாம் சாலை நீரை விட்டுவிட்டுக் காட்டி வளர்த்த ஆய்வு. மண்ணில் வடிகட்டியபோது உடனடிச் சாவு தடுக்கப்பட்டது. ஆனால் நாட்பட்ட பாதிப்பு குறைந்ததே தவிர முழுவதும் மறையவில்லை. 2016ல் பிழைத்தது என்று எழுதியது உண்மை. அது ஓடையில் வளர்ந்து கடலுக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு நலமா என்பது இன்னொரு கேள்வி. அதற்கு ஒரு நாள் சோதனை பதில் தராது.

மூலத்திலேயே நிறுத்தும் வேலையும் தொடங்கியிருக்கிறது. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா, 6பிபிடி உள்ள வாகன டயர்களை முன்னுரிமைப் பொருளாக அறிவித்து, மாற்று இருக்கிறதா என்று உற்பத்தியாளர்கள் ஆராய வேண்டும் என்றது. அதே ஆண்டு யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் ஆகிய மூன்று பழங்குடியினர், டயரில் 6பிபிடியைத் தடைசெய்யக் கேட்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனு கொடுத்தார்கள். நவம்பரில் முகமை மனுவை ஏற்றது. 2024ல் நன்னீர் உயிர்களுக்கான உடனடி நச்சுக்கான வழிகாட்டு அளவாக லிட்டருக்கு 11 நானோகிராம் என்ற எண்ணையும் வெளியிட்டது. மாற்றுப் பொருள் டயரில் வெடிப்பு விழாமலும் காக்க வேண்டும், ஓசோன் பட்டு இன்னொரு குவினோன் ஆகாமலும் இருக்க வேண்டும். எளிதில் முடியும் வேலை இல்லை. முடிந்தாலும் சாலையில் ஓடும் பழைய டயர்கள் தேய்ந்து தீர ஆண்டுகள் ஆகும்.

அதுவரை வாய்க்கால் முனையில் செய்வதைச் செய்ய வேண்டியதுதான். லாங்ஃபெலோ தன் கடைசிப் பகுதியில் நீண்ட குழாய்க்குள் புகுந்து டுவாமிஷ் ஆற்றில் சேர்கிறது. மேலே தெருத்தெருவாக மழைநீர்க் குழாய்கள் வந்து விழுகின்றன. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பெரிய ஈரநிலம் கட்ட அங்கே இடமில்லை. அதிக வண்டி ஓடும், அடிக்கடி பிரேக் அடிக்கும் சாலைகளின் குழாய் வாய்களை முதலில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக மண் படுகைக்குத் திருப்ப வேண்டும். எந்தக் குழாய் முதலில் என்று முடிவு செய்ய, மழை தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் நனைந்துகொண்டே போய், ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வர ஆள் வேண்டும்.